மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்

அண்ணியைப் பற்றி நாத்தனார் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். எனக்கும் அவளுக்கும் சண்டை இல்லாத வாரம் கிடையாது. துணி காயப்போடும் கொடியில் எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி என்று நடுவில் கிளிப்பு மாட்டி எல்லை பிரித்து வைத்திருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அன்று சாயங்காலம் அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அவள் செய்த காரியத்தைப் பார்த்தபோது, இவள் என் அண்ணி என்று உரக்கக் கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். விழாக்களில் மேடைக்கும் மேஜைக்கும் பூ அலங்காரம் செய்து கொடுக்கிற கம்பெனி. அண்ணன் வேன் ஓட்டுவான். நான் மேஜைத் துணிகளுக்கு இஸ்திரி போடுவேன். அண்ணி கிடங்கின் பின்பக்கம் தொட்டியடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடி ஜாடிகளைக் கழுவுவாள். அவள் கழுவிக் கவிழ்த்த ஜாடியில் விரல் ரேகை ஒன்றைக் காட்டிவிட்டால் அவள் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். அவளுக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். கை அதைவிட நேர்த்தி.

பூ சீக்கிரம் வாடிப்போகிறது என்று முதலாளிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. ஜாடியில் பூவுக்குப் பதில் உயிரோடு ஒரு மீன். கடையில் ஃபைட்டர் என்பார்களே, நீள வால்காரன், அது. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கிழித்துப் போட்டுவிடும் என்பதால் ஜாடிக்கு ஒன்று. காற்றுக்கு மோட்டார் வேண்டாம், தானே மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு போகும். ஆகவே ஒரு குவளைத் தண்ணீரே அதற்கு மாளிகை என்று முதலாளி தானாக முடிவு செய்துகொண்டார். தண்ணீரில் மேஜைத் துணியின் நிறத்துக்கு ஏற்ற சாயம் வேறு. அதுவும் போதாதென்று ஒவ்வொரு ஜாடிக்கும் பக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்தி வைக்கச் சொன்னார். மீன் தன் உருவத்தையே பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்து, வாலைக் குடை மாதிரி விரித்துச் சீறும். விருந்தினர்கள் அதை நடனம் என்று சொல்லிப் படம் பிடித்துக்கொள்வார்கள். விருந்து முடிகிறவரைக்கும் அந்த வாயில்லா ஜீவன் யாருமே இல்லாத சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்.

முடிந்த பிறகு? ஜாடிகள் தொட்டியடிக்கு வரும். தண்ணீரோடு எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்ட வேண்டும். வைத்துப் பராமரிக்க ஆள் ஏது, அடுத்த விழாவுக்குப் புதிதாக வரும் என்பது முதலாளி உத்தரவு. அப்படிக் கொட்டியபோது ஒன்று சாக்கடை மூடியின் கம்பியில் மாட்டிக்கொண்டு துடித்தது. வால் நார் நாராகக் கிழிந்திருந்தது, நிறம் சுத்தமாக வெளுத்திருந்தது. அண்ணி தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி அதில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"எதுக்கு அண்ணி இது? நாளைக்குச் செத்துடும்" என்றேன்.

"செத்தா என் வீட்டுல சாகட்டும். சாக்கடையில எதுக்குச் சாகணும்?"

அதற்கு மறுநாளே அது சாகப் பார்த்தது, அண்ணி புண்ணியத்தில். ஜாடி கழுவுகிறவள் அல்லவா? மீனுக்கென்று ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சோப்பு போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகித் தண்ணீர் நிரப்பி விட்டிருக்கிறாள். மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. பதறிக்கொண்டு மீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். சோப்பு கூடாது, பிளீச்சிங் கூடவே கூடாது, குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், தண்ணீர் சில்லென்றும் இருக்கக் கூடாது. திரும்பி வந்தவள் எல்லாவற்றையும் மாற்றினாள். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியின் ஓரத்தில் மெல்லிய பாசி படிந்தாலும் அவள் கை அங்கே போகவில்லை. தேய்க்கத் துறுதுறுக்கிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மீன் பிழைத்தது. பிழைத்ததும் அதற்கு முறுக்கு வந்துவிட்டது. தீனி உருண்டை பெரிதாக இருந்தால் வாயில் வாங்கித் துப்பும். அண்ணி வேலை விட்டு வர நேரமானால் தொட்டியின் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். "பொண்ணே பெத்துக்கல, அதுக்குள்ள மாப்பிள்ளை முறுக்கைப் பாரு" என்றாள் அண்ணி. அதிலிருந்து அவன் பெயர் மாப்பிள்ளை. வெந்நீர் கலந்து தண்ணீரின் சூட்டைப் புறங்கையில் பார்ப்பாள். பாதாம் மரத்துச் சருகு ஒன்றைக் கழுவிப் போட்டு வைத்தாள், அவன் அதன்மேல் படுத்துத் தூங்குவான். அவள் விரலைக் கண்ணாடி மேல் நகர்த்தினால் கூடவே நீந்துவான். நான் விரலை வைத்தால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

வெளுத்த உடம்பில் நீலம் ஏறியது, வாலில் சிவப்பு ஓடியது. கிழிந்த இடமெல்லாம் வளர்ந்து மூடியது. ஓரத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும் நிறமே பிடிக்காமல் தெளிவாக நின்றுவிட்டது. ஒரு நாள் தண்ணீரின் மேல் சின்னச் சின்ன நுரைக் குமிழிகளாகக் கூடு கட்டி வைத்திருந்தான். மனம் நிறைந்த ஆண் மீன்தான் அப்படிக் கட்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். அண்ணி அன்று என் கொடிப் பக்கத்தில் துணி காயப்போட்டாள். நான் எல்லைக் கிளிப்பைக் கொஞ்சம் நகர்த்தி மாட்டினேன்.

வினை அண்ணன் ரூபத்தில் வந்தது. அவன் நல்லவன், ஆனால் யார் குரலை உயர்த்தினாலும் தலையாட்டிவிடுவான். மாப்பிள்ளையைப் படம் பிடித்து, சாமான் ஏற்றுகிறவர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறான். முதலாளி பார்த்துவிட்டார். அந்த வாரம் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டு விழா. தலைமை மேஜைக்கு நீலமும் சிவப்புமாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வந்திருந்ததெல்லாம் சோகை பிடித்த மீன்கள்.

"ஒரு சாயங்காலம்தானே? திருப்பிக் கொண்டாந்துடறேன்" என்று அண்ணன் வீட்டில் கேட்டான்.

"முடியாது."

"முதலாளி கேக்கறாரும்மா."

"முதலாளியை ஜாடியில நிக்கச் சொல்லுங்க. பக்கத்துல கண்ணாடியும் வைங்க. நல்லா ஆடுவாரு."

பேச்சு அதோடு முடிந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

விழாவன்று எனக்கும் அண்ணிக்கும் மண்டபத்தின் பின்பக்கத்தில் வேலை. உடைந்தால் மாற்ற உபரி ஜாடிகள், கறை பட்டால் மாற்ற உபரித் துணிகள். எங்களைப் போன்றவர்கள் விருந்துக் கூடத்துக்குள் போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். பரிமாறுகிறவர்கள் போக வர ஆடும் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகத்தான் உள்ளே பார்ப்போம். அண்ணி எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"அது நம்ம மாப்பிள்ளைடி."

நானும் பார்த்தேன். தலைமை மேஜை நடுவில் ஊதாத் தண்ணீரில் அவன். அந்தத் தெளிவான வால் துண்டு இங்கிருந்தே தெரிந்தது. முழு வாலையும் விரித்துக் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தான். ஒருவர் கரண்டியால் ஜாடியைத் தட்டித் தட்டி அவனை உசுப்பிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியாமல் அவனைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணனை நான் அந்த நிமிடம் வெறுத்தேன்.

அண்ணி ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஈரம் சொட்டும் ரப்பர் ஏப்ரன். மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றிப் போகவில்லை, குனியவில்லை, நடுப்பாதையில் நேராக நடந்தாள். பூட்ஸ் கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது. மேடைப் பேச்சு தடுமாறி நின்றது. தலைமை மேஜைக்குப் போனவள் முதலில் அந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்தாள். கரண்டிக்காரர் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தட்டில் வைத்தாள். பிறகு ஜாடியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துத் தூக்கினாள்.

முதலாளி ஓடி வந்து வாசலில் மறித்தார். சிரிக்கிற முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "வைம்மா கீழ. கம்பெனி மீன் அது."

"கம்பெனி மீனை நீங்க சாக்கடையில கொட்டச் சொன்னீங்க, கொட்டிட்டேன். இது என் வீட்டு மீன்."

"நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

"சரிங்க. வழியை விடுங்க."

அவர் விட்டார். விடாமல் என்ன செய்வார், கூட்டமே எழுந்து நின்று பார்க்கிறது. நான் கையிலிருந்த உபரித் துணியைத் தரையில் போட்டுவிட்டு அவள் பின்னால் போனேன். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. அண்ணி தனியாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டிப் பக்கத்தில் நிற்க என்னால் முடியவில்லை.

வெளியே அண்ணன் வேனில் சாய்ந்து நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. அண்ணி அவனைத் தாண்டி நடந்தாள். பின்னாலேயே வந்த முதலாளி, "வேன்ல ஏத்தாதே, சொல்லிட்டேன்! வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?" என்றார். அண்ணன் வழக்கம்போலத் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே சாவியை எடுத்து வேனின் மூக்கின்மேல் வைத்தான். அண்ணியிடம் வந்து ஜாடிக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவன் நீட்டிய கையோடு பக்கத்திலேயே நடந்தான். பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை, சிக்னல் என்று எல்லோரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பாதி வழியில் அண்ணிக்குக் கை கடுத்துவிட்டது. ஜாடியை அவன் கையில் வைத்து, "ஆட்டாம நடங்க" என்றாள்.

வீட்டுத் தொட்டியில் விட்டதும் மாப்பிள்ளை சருகின்மேல் சாய்ந்து கிடந்தான். மறுபடி வெளுத்திருந்தான், வால் ஓரம் மறுபடி கிழிந்திருந்தது. அண்ணி தண்ணீரை மாற்றினாள், சூடு பார்த்தாள், தொட்டியைச் சுற்றித் துணி கட்டி இருட்டாக்கினாள். அவள் அழுததை நான் பார்த்தது அப்போதுதான். "எந்திரிடா. உனக்காக அந்தாளு மூஞ்சிக்கு நேரா பேசிட்டு வந்திருக்கேன். என் மானத்தை வாங்கிடாதே" என்று அதட்டினாள். பல நாள் அவன் தீனியைத் தொடவில்லை. ஒரு காலை அவள் துணியை விலக்கியபோது முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் நின்றான். கோபித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டான் என்று அண்ணி சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

முதலாளி வீடு தேடி வந்தது அதற்குப் பிறகு. ஜாடிகளெல்லாம் புகை படிந்த மாதிரி இருக்கிறதாம், புது ஓட்டுநர் மேஜைகளை உடைக்கிறாராம். நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, "போனது போகட்டும். மூணு பேரும் வந்துடுங்க. உங்க மீனை நான் கேக்கலை" என்றார். பெரிய மனது செய்கிற குரல்.

அண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் பேசினான்.

"வேன் ஓட்டறேங்க. மீன் ஏத்த மாட்டேன். எந்த மீனும்."

"அப்ப மேஜையில என்னய்யா வைக்கிறது?"

"பூ வைங்க. பூ அலங்காரம் பண்றவர்தானே நீங்க?" என்றாள் அண்ணி.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். மூன்று பேரில் நானாவது விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்திருப்பார். நான் எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அவர் போகிறவரைக்கும் அங்கேயே நின்றேன்.