பாலத்து முனையில் ஒரு பொம்மைச் சிப்பாய்

எனாமல் பெயிண்ட் வாசனை விரலில் ஏறிவிட்டால் லேசில் போகாது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, அதற்குமேல் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும், மத்தியானம் ரசஞ்சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது அது எங்கிருந்தோ வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த ஒரு கோடை விடுமுறை முழுவதும் நான் அந்த வாசனையோடுதான் சாப்பிட்டேன், அந்த வாசனையோடுதான் தூங்கினேன். "பொம்பளைப் பிள்ளை கையில பெயிண்டுக்கடை வாடை அடிக்குது" என்று ஆத்தா முகத்தைச் சுளிப்பார். எங்கள் வீடுகளில் அம்மாவை ஆத்தா என்றும் அப்பாவை அப்பச்சி என்றும்தான் கூப்பிடுவோம்.

அந்த வாசனைக்குக் காரணம் பினாங்கு அம்மான். ஆத்தாவின் தம்பியான அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி காரைக்குடிக்கு வந்தபோது, எனக்கும் என் அண்ணன் சொக்குவுக்கும் இரண்டு அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றுக்குள் வெள்ளைக்காரப் பட்டாளம், இன்னொன்றுக்குள் ஜப்பான்காரப் பட்டாளம். ஒவ்வொரு சிப்பாயும் முந்திரிப்பருப்பு உயரம்தான் இருப்பான். ஒரு பிளாஸ்டிக் கம்பியில் காய்த்துத் தொங்குபவர்களைப் போல வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த அவர்களை பிளேடால் ஒவ்வொருவராக அறுத்து எடுக்க வேண்டும். பினாங்கில் அம்மான் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு துரையின் பிள்ளைகள் இவற்றுக்கு வர்ணம் பூசி, மேஜைமேல் ஆறும் மேடும் செய்து, பகடை உருட்டிச் சண்டை நடத்துவார்களாம். அம்மான் சொன்ன அன்றைக்கே சொக்கு தளபதி ஆகிவிட்டான், நான் பெயிண்டர் ஆகிவிட்டேன்.

வழவழப்பான அந்த பிளாஸ்டிக்கில் வர்ணம் நிற்காமல் உரிந்துவந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து அடித்தால் நிற்கும் என்பதை நானே கண்டுபிடித்தேன். கடையில் கிடைத்த மெல்லிய பிரஷ்ஷும் சிப்பாயின் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதில் நாலைந்து மயிரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை பிளேடால் கழித்தேன். அட்டைப் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, பச்சையோடு மஞ்சளும் ஒரு துளி கறுப்பும் குழைத்து, ஜப்பான்காரனுடைய உடுப்பின் நிறத்தைக் கொண்டுவந்தேன். அவன் தொப்பியின் பின்னால் பிடரியை மறைத்துக்கொண்டு தொங்கும் துணியும், காலில் முழங்கால் வரை சுற்றிய பட்டியும், துப்பாக்கி முனையில் செருகிய கத்தியின் வெள்ளியும் எனக்கு அப்படிப் பிடித்துப்போயின. கண் வைக்க மட்டும் முடியவில்லை.

மேல்மாடி ஹாலில் ஒரு தேக்கு மேஜை இருந்தது. என்றைக்கோ வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காக வாங்கியது. நாங்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிடுகிறவர்கள் ஆதலால் அதில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. அதன்மேல் மணலைக் கொட்டி, மருதாணிக் கொப்புகளைக் காடாக நட்டு, என் பழைய நீலப் பாவாடையைக் கிழித்து ஆறாக ஓடவிட்டு, சொக்குவின் மர ஸ்கேலைப் பாலமாகப் போட்டோம். பகடைக்குத் தாயக்கட்டை. ஈர்க்குச்சியை ஒடித்து அளவு வைத்துக்கொண்டு ஆட்களை நகர்த்துவோம். தாயம் விழுந்தால் எதிரி ஒருவன் விழுந்தான். சொக்கு எப்போதும் வெள்ளைக்காரன், நான் எப்போதும் ஜப்பான்காரி. நான் பூசியவர்கள் என்பதால் அவர்கள் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை, அழுது ஆகாத்தியம் செய்து ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்க வைப்பேன்.

வீட்டில் எங்களைத் தவிர, அப்பச்சியும் ஆத்தாவும், பெரியாத்தாவும் இருந்தார்கள். பெரியாத்தா அப்பச்சியின் அண்ணன் மனைவி. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. நான் பார்த்த நாளெல்லாம் வெள்ளைச் சேலைதான். கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போவதை எங்கள் பக்கம் "கொண்டுவிக்கப் போறது" என்பார்கள். கல்யாணமான மறுவருஷமே பெரியப்பச்சி மலாயாவுக்குக் கொண்டுவிக்கப் போனார். கூடவே தம்பியான அப்பச்சியும் போனார். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், கப்பலும் தபாலும் நின்றுபோயின. யுத்தம் முடிந்து அப்பச்சி மட்டும் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து, அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார் என்றார். அண்ணன் இறந்த நாள் என்று அவர் சொன்ன ஆடி அமாவாசையில்தான் வருஷாவருஷம் திதி நடந்தது. அப்பச்சியே எள்ளும் தண்ணீரும் விடுவார். பெரியாத்தா தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அப்பச்சி அதற்குப் பிறகு மலாயாப் பக்கம் போகவே இல்லை. யார் கூப்பிட்டும் போகவில்லை. அந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியும் நாங்கள் கேட்டதில்லை.

அன்றைக்கு அப்பச்சி மாடிக்கு வந்தது எங்களைத் திட்டுவதற்காக. படியெல்லாம் மணல் சிந்திக் கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் செருமல் கேட்டதுமே சொக்கு தாயக்கட்டையை மறைத்துவிட்டான். அப்பச்சி மேஜை அருகே வந்தார், வாயைத் திறந்தார், திட்டவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து நின்ற ஒரு ஜப்பான்காரனை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். யார் பூசியது என்று கேட்டார். நான்தான் அப்பச்சி என்றேன். அந்த நிமிஷம் எனக்குள் பொங்கிய பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் அந்தச் சிப்பாயைக் கொண்டுபோய்ப் பாலத்தின் ஒரு முனையில், இடது கைப்பக்கமாக, நிறுத்தினார். பிறகு மேஜைக்கு நேராக இரண்டடி பின்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து அப்படியே மடங்கிக் குனிந்தார்.

எங்கள் அப்பச்சி பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் சாமிக்கு முன்னால் தவிர வேறெங்கும் தலை வணங்கி நாங்கள் பார்த்ததில்லை. கலெக்டர் வந்தபோதுகூடக் கையைக் கூப்பினாரே ஒழிய வளையவில்லை. அந்த மனிதர் நான் வர்ணம் பூசிய முந்திரிப்பருப்பு உயரப் பொம்மைக்கு முன்னால் குனிந்து நின்றார், நிமிரவே இல்லை. சொக்குவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

குனிந்தபடியே, யாருக்கோ பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல, அவர் சொன்னார். "இப்படிக் குனியணும். அவன் போன்னு சொல்ற வரைக்கும் நிமிரக் கூடாது. அண்ணன் குனியலை."

வாசலில் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. எங்களுக்கு மோர் கொண்டுவந்த பெரியாத்தா தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"குனியலைன்னா, என்ன ஆச்சு?" என்றார் பெரியாத்தா.

அப்பச்சி நிமிர்ந்தார். அவர் முகம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. அண்ணன் மனைவியை அவர் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்; ஒன்றுமில்லை ஆச்சி என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதெல்லாம் இதுதான். மலாயாவில் தங்கள் வட்டிக்கடைக்குப் போவதற்கு அவர்கள் ஓர் ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். அதன் முனையில் எப்போதும் ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவனுக்குக் குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும், தவறினால் அறை விழும். பெரியப்பச்சியும் மாதக்கணக்கில் குனிந்துகொண்டுதான் இருந்தார். அவருக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. மூக்குக்கண்ணாடி உடைந்துபோய், அந்த யுத்தகாலத்தில் வேறு கிடைக்கவில்லை. வைகாசி விசாகத்தன்று காலையில் அண்ணனும் தம்பியும் அங்கிருந்த முருகன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். வழக்கமாக வலது பக்கம் நிற்கிற சிப்பாய் அன்றைக்கு இடது பக்கம் நிழலில் நின்றிருந்தான். பெரியப்பச்சிக்கு அவன் நிற்பதே தெரியவில்லை. நேராக நடந்து போய்விட்டார். கொஞ்சம் பின்னால் வந்த அப்பச்சி அதற்குள் குனிந்துவிட்டார். குனிந்துவிட்டவர் வாயைத் திறக்க முடியாது. அறை விழும் சத்தம் கேட்டது, அண்ணன் ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது, ஏற்கெனவே ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்ற ஒரு லாரியில் அவரையும் ஏற்றும் சத்தம் கேட்டது.

"நான் நிமிரலை ஆச்சி. லாரிச் சக்கரம் நகர்ந்ததைத்தான் பாத்தேன்" என்றார் அப்பச்சி.

பெரியாத்தா அழவில்லை.

"அப்ப, அவுக செத்ததை நீங்க பாக்கலை."

"பாக்கலை."

"பாத்ததா யாராச்சும் சொன்னாகளா?"

"இல்லை ஆச்சி. யுத்தம் முடிஞ்சு ஒரு வருஷம் தேடினேன். ஒரு சாவைச் சொல்லாம இந்த வீட்டு வாசப்படி ஏற முடியலை. சொல்லிட்டேன்."

பெரியாத்தா தாம்பாளத்தை மேஜையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த வெற்றிடத்தில் வைத்தார். பாலத்து முனையில் நின்றவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார். மோரை யாரும் குடிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த அம்மாள் விதவையாக இருந்ததற்கு ஆதாரம் ஒருவருடைய வாய்ச்சொல் மட்டும்தான் என்பதும், அந்தச் சொல்லும் பொய் என்பதும் எனக்கு அன்று முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்த ஒன்றே ஒன்று என்னை நடுங்க வைத்தது. நான் வர்ணம் பூசாமல் விட்டிருந்தால் அந்தச் சிப்பாய் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக்காக இருந்திருப்பான். அப்பச்சி மணலுக்காக எங்களைத் திட்டிவிட்டுக் கீழே போயிருப்பார்.

அதற்குப் பிறகு பல நாள் வீட்டில் பேச்சே இல்லை. பெரியாத்தா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆத்தா சாப்பாட்டைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருவார். இதற்கிடையில் ஒருநாள், என்ன நினைத்தாரோ, கரை வைத்த பச்சைச் சேலை ஒன்றையும் சோற்றோடு சேர்த்து வைத்துவிட்டு வந்தார். சேலை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. ஆடி அமாவாசைக்கு முதல்நாள்தான் பெரியாத்தா கூடத்துக்கு வந்தார். நாளைக்கு ஐயரை வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். அப்பச்சியைப் பார்த்து, "போய்க் கேட்டுட்டு வாங்க தம்பி" என்றார். எங்கே என்று அப்பச்சி கேட்கவில்லை.

எத்தனையோ பேர் கூப்பிட்டும் போகாதவர் அந்த வருஷக் கடைசியில் கப்பலேறினார். அவர் திரும்பி வருவதற்குள் தைப்பொங்கல் கழிந்துவிட்டது. இளைத்துக் கறுத்து வந்திறங்கியவர் குளிக்கக்கூட இல்லை. பெரியாத்தாவின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து, போனதிலிருந்து வந்ததுவரை சொன்னார். அந்த மரப்பாலம் இல்லை, அங்கே சிமெண்டுப் பாலம் கட்டிவிட்டார்கள். கடை இருந்த இடத்தில் சைக்கிள் விற்கிறார்கள். காபிக்கடை வைத்திருந்த ஒரு சீனக் கிழவருக்குக் கண்ணாடி போட்ட செட்டியாரை நினைவிருக்கிறது, லாரியை நினைவில்லை. அந்த மாதிரி லாரிகளில் ஏற்றியவர்களை சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள் என்கிறார்கள், பக்கத்துக் காட்டிலேயே சுட்டுப் போட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். சர்க்கார் கச்சேரிப் பதிவேட்டில் அண்ணன் பெயர் இல்லை.

"ஒண்ணும் தெரியலை ஆச்சி" என்று முடித்தார்.

இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்கலாம் என்று மட்டும் பெரியாத்தா சொன்னார். அதில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, "விசாகத்தன்னைக்குப் போனதுதானே உங்களுக்குத் தெரிஞ்சது? அன்னைக்கு ஒரு இலை போட்டுருவோம். எள்ளும் தண்ணியும் வேண்டாம். செத்தவுகளுக்கும் ஆச்சு, வாரவுகளுக்கும் ஆச்சு" என்றார்.

அதுமுதல் வைகாசி விசாகத்தன்று எங்கள் வீட்டில் ஓர் இலை கூடுதலாக விழுந்தது. பெரியாத்தாவே பரிமாறுவார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அந்த இலைச் சாப்பாட்டை வாசலில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். எழுபதுகளின் கடைசியில் அவர் இறந்தபோது, எந்தச் சடங்கைச் செய்வது, எதை விடுவது என்று பங்காளிகள் வாசலில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு விசாகத்துக்கு அப்பச்சி தன் கையாலேயே இரண்டு இலை போட்டார்.

எங்கள் போர்க்களம் அந்த மேஜைமேல் வெகுநாள் அப்படியே கிடந்தது. கலைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தொடவும் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஆத்தா எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அள்ளிப் போட்டார். அந்த டின் எப்போது காணாமல் போனது என்று தெரியாது. அதற்குப் பிறகு நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் பெருகிப்போனதில் சாவியே யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. தேக்கு மேஜை பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து எந்த ஊர் ஓட்டலுக்கோ போய்விட்டது. அப்பச்சி இல்லை, ஆத்தா இல்லை, அம்மான் இல்லை. சொக்கு வெளிநாட்டில் இருக்கிறான். விசாகத்தன்று எப்போதாவது கூப்பிட்டால் இருவரும் வேறு ஏதேதோ பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

அந்த லாரி எங்கே போயிற்று என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.