அப்பா பிறந்த வீடும் நான் அச்சடித்த வீடும்

உறவினர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், அப்பாவின் கம்பெனி தோஸ்துகளுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவர் பிறந்த இடத்தில் இருந்துதான் இந்த நினைவு மலரைத் தொடங்க வேண்டும். போன தடவை நான் சறுக்கி விழுந்ததும் அதே இடத்தில்தான். ஆகவே முதலில் மன்னிப்பு.

பதினாறாம் நாள் காரியத்தன்று உங்களுக்குக் கொடுத்த மலரின் இரண்டாம் பக்கத்தில், தூணும் மாடியுமாக ஒரு பெரிய வீட்டின் படம் இருக்கும். கீழே, ஆம்பூரில் அப்பா பிறந்த இல்லம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். படம் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வீட்டுக்கு முன்னால் சிறுவனாக அப்பாவும், பாவாடை கட்டிய அவருடைய அக்காவும் நிற்கிறார்கள். நான் சின்னவனாக இருந்தபோது அப்பாவே அந்தப் படத்தைக் காட்டி, அங்கேதான் பிறந்தேன் என்று சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முந்நூறு பிரதி அடித்துவிட்டேன்.

அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, வாலாஜாபேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் காரியத்துக்கு வர முடியவில்லை. போன வாரம் இந்தத் திதிக்குச் சொல்லப் போனபோதுதான் அந்த மலரை அவர் கையில் கொடுத்தேன். புதுக் கண்ணால் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது முதலாளி வூடுடா. அவங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரரு எங்களையும் நிக்க வச்சு எடுத்தாரு. நாம எப்படா மாடி வூட்ல இருந்தோம்?"

முந்நூறு வீட்டுக்கும் போய் மலரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். குடும்ப வாட்ஸப் குரூப்பில் நீளமாக ஒரு மன்னிப்பு போட்டு, பயந்துபோய் உடனே அழித்தேன். அழித்த அடையாளத்தைப் பார்த்துவிட்டுப் பதினோரு பேர் போன் செய்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நெஞ்சு வேறு அடைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வாயு என்றார்.

படம் போனால் போகட்டும். மண்ணுக்கு என்ன செய்வது? எங்கள் குடும்பத்தில் ஓராண்டு நாளன்று, இறந்தவர் பிறந்த வீட்டு வாசலில் இருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து சமாதியில் சேர்ப்போம். தாத்தாவுக்குத் திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து அப்பா பஸ்ஸில் எடுத்து வந்தார். நானோ முதலாளி வீட்டு மண்ணை அள்ளி அப்பா மேல் போட இருந்தேன். மறுபடி வாலாஜா போய்ச் சொன்னதும், மண் இல்லாமல் திதி கொடுக்கக் கூடாது, நானும் வர்றேன் என்று அத்தை கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

காரில் போகும்போதுதான் கதையெல்லாம் சொன்னார். தாத்தாவுக்குத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழி வேலை. முதலாளி வீட்டுக்குப் பின்னால் குழிகள், குழிகளுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு வரிசையாக எட்டு வீடு. குழியை ஒட்டிய கடைசி வீட்டில் அப்பா பிறந்தார். சுண்ணாம்பில் ஊறிய தோலில் இருந்து முடி கழன்று வரும். அந்த முடியைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவருக்குப் பூசினால் விரிசல் விடாதாம். எங்க வூட்டுச் சுவத்த சொரண்டினா மாட்டு முடி வரும் என்றார் அத்தை. நான் சிரித்தேன்.

ஆம்பூரில் இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது. முதலாளியின் வீடு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். பின்னால் குழியும் இல்லை, வரிசையும் இல்லை. ஷூ அட்டைப் பெட்டி அடுக்கிய ஒரு குடோன்தான் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்தோம். திதிக்கு இன்னும் நான்கே நாள். எந்த மண்ணையாவது எடுத்துக்கொண்டு போனால் அத்தைக்குத் தெரியவா போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் என் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அத்தை குடோனின் பின்சுவர் ஓரமாக நடந்துகொண்டே வந்தார். மூன்று பக்கம் சிமெண்ட் கல், பின்பக்கம் மட்டும் தடித்த பழைய சுவர். என்னிடம் இருந்த கார் சாவியை வாங்கிச் சுரண்ட ஆரம்பித்தார். குடோனைப் பார்த்துக்கொள்ளும் பாய் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, சுவத்த போட்டு நோண்டறீங்க?"

"என் தம்பி வூடு பாய் இது."

பெயின்ட் உதிர்ந்தது. உள்ளே வெள்ளைப் பூச்சு. அதற்குள் பழுப்பு நிறத்தில் முடி, கொத்துக்கொத்தாக. என் தலையில் இருப்பதைவிட ஜாஸ்தி. எட்டில் ஏழு வீட்டை இடித்துவிட்டு, கடைசி வீட்டுச் சுவரை மட்டும் குடோனுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாய் தாமே ஒரு கடப்பாரை கொண்டுவந்து, வாசல் இருந்த இடத்தில் அத்தை காட்டிய மூலையைத் தோண்டிக் கொடுத்தார். மண் வெளுத்து, சுண்ணாம்புக் கட்டியோடு வந்தது.

இப்போது எனக்கு அடுத்த பயம். அப்பா பொய் சொன்னார் என்று மலரில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். வாலாஜாவில் சொல்லாமல் வைத்திருந்ததை அத்தை அங்கே சொன்னார்.

"நீ அஞ்சாவது படிக்கறப்ப, உங்கப்பா ஸ்கூலுக்கு வந்தா பசங்க மூக்கப் புடிக்கறாங்க, வராதன்னு சொன்னியாமே. மறுநாளே என்கிட்ட வந்து அந்தப் போட்டோவ வாங்கிட்டுப் போனான். எதுக்குடான்னேன். புள்ள தலை குனிஞ்சு போறான்க்கா, பெருசா எதுனா காட்டணும்னான். அவன் வெட்கப்பட்டு பொய் சொல்லல. நீ வெட்கப்பட்டதால சொன்னான். எழுது."

எழுதிவிட்டேன்.

அப்பா பதினான்கு வயதில் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். தோல் சீவி, பிறகு மேஸ்திரியாகி, வேலூரில் வீடு கட்டி, எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். வேலை முடிந்து வந்தால் பின்பக்கமாக நுழைந்து, இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்த பிறகே எங்களைத் தொடுவார். நான் வராதே என்று சொன்ன பிறகு பள்ளிக்கூட வாசலுக்கு அவர் வந்ததே இல்லை. மழை நாளில் எதிர்க்கடை ஓரமாகக் குடையோடு நிற்பார். நான் கடந்து போய்க் கொஞ்ச தூரம் ஆனதும் பின்னாலேயே வருவார். சுத்தமானவர் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் யாரையும் சிரமப்படுத்தவில்லை. மாறி மாறி உடன் இருந்த தம்பி, தங்கை, அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்கள், அவரைத் தோளில் சுமந்தவர்கள், ஓராண்டாக எங்களைத் தனியாக விடாமல் வந்து போன நீங்கள் எல்லோரும் எங்கள் மனதில் இருக்கிறீர்கள். கடப்பாரை பிடித்த பாய்க்கும் நன்றி. உடைந்த பூச்சைத் தாமே பூசிக்கொள்வதாகச் சொல்லி எங்களை அனுப்பி வைத்தார்.

அத்தைக்கு நன்றி சொன்னால் திட்டுவார். திரும்பி வரும்போது மண் முடிச்சை டிக்கியில் வைக்கிறேன், கொடுங்கள் என்று கேட்டேன். தரவில்லை. வாலாஜா வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"அவன் பொறந்ததும் கழுவித் தொடச்சு மொதல்ல இங்கதான்டா போட்டாங்க. நீ ரோட்ட பாத்து ஓட்டு."