எண்பதுக்கு ஐம்பது

குணலட்சுமிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மருத்துவமனை வாட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது பிழை. மூக்கு நுனி வரைக்கும் போய் நிற்க அவளுடைய கோபத்துக்குப் பொறுமை கிடையாது. நெல்லியடிச் சந்தையில் மீன்காரன் தராசுத் தட்டில் விரலை வைத்தால், "விரலையும் சேர்த்தெல்லோ நிறுக்கிறாய், அதையும் வெட்டிப் பையிலை போடு" என்பாள். பஸ்சில் கொண்டக்டர் "உள்ளுக்குப் போ" என்றால், "போங்கோ எண்டு சொல்லு, போறன்" என்று திருத்திவிட்டுத்தான் நகர்வாள்.

நோயாளியின் கட்டிலடியில் அந்தக் கோபம் வேறு மாதிரி வேலை செய்யும். டொக்டர் பிந்தினால் டொக்டரில் கோபம், மருந்தைத் தலையணைக்குக் கீழே ஒளித்தால் நோயாளியில் கோபம், பிறசர் இறங்கினால் பிறசரில் கோபம். முப்பது வருடம் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக இருந்தவள். நாட்டில் சண்டை நடந்த காலத்தில், தறப்பாள் கொட்டிலுக்குள், பால்மாப் பெட்டி மட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் நாடியும் பிறசரும் எழுதி நோயாளியின் கழுத்தில் கட்டிவிட்டவள். கடதாசி இல்லாத நாளிலும் அளவை எழுதாமல் விட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்ல மாட்டாள். வேறு யாராவது எழுதாமல் விட்டால், அவர்களைத் திட்டும்போதுதான் சொல்லுவாள்.

ஐம்பத்தைந்து வயதில் பென்சன் எடுத்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை. கணவர் இளையதம்பி சாதுவான மனுசன். சண்டை பிடிக்க ஆள் போதாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் புதிதாக எழும்பிய மூன்று மாடித் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளும் டொக்டர்மாரும் தாதியரைக் கூப்பிடுகிற வழக்கப்படி அவளையும் மிஸ்ஸி என்றார்கள். முதலாளியின் மகன் நிருஷன் மட்டும் உறவு கொண்டாடி அன்ரி என்பான். அவன்தான் நிர்வாகி, வெளிநாட்டில் படித்து வந்தவன். காரியம் ஆக வேண்டுமென்றால் அன்ரி. குற்றம் சொல்ல வேண்டுமென்றால் மிஸிஸ் இளையதம்பி.

கருவியைக் கொண்டுவந்தவன் அவன்தான். கழுத்தில் தொங்கவிடும் ஒரு கைபேசி. தாதி கட்டில் இலக்கத்தைச் சொல்லி, நாடி, பிறசர், காய்ச்சல் என்று எடுத்த அளவுகளை வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை போல அதுவும் திருப்பிச் சொல்லி, "உறுதி செய்யலாமா?" என்று கேட்கும். "ஆம்" என்றால் அளவு கொம்பியூற்றரில் ஏறும். டொக்டர் எங்கே இருந்தாலும் தன் போனில் பார்க்கலாம். மூன்று தரம் கேட்டும் "ஆம்" வராவிட்டால், புதிய அளவை அழித்துவிட்டுப் பழையதை அப்படியே வைத்திருக்கும்.

"தமிழ் தெரிஞ்ச கருவி," என்றான் நிருஷன், தாதிமாரைக் கூட்டி வைத்து. "நீங்கள் கதைக்கிறது முழுக்க ஒலியாயும் சேமிச்சு வைக்கும். கேட்டுக் கேட்டு அதுவே படிக்கும்."

தமிழ் தெரிந்த கருவிதான். எந்தத் தமிழ் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் சேலை விளம்பரம் சொல்லும் பெண்ணின் குரலில் அது கதைத்தது. மூண்டு என்றால் முழிக்கும், மூன்று என்றால் பிடிக்கும். அதையாவது பொறுக்கலாம். ஓம் என்றால் அதற்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பேச்சு வந்த குழந்தைக்கும் தெரிந்த சொல் அது. இந்த மிஸ்ஸி சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, ஓம் என்று கேட்டதும் பேசாமல் நிற்கும். பிறகு பழையபடி, "உறுதி செய்யலாமா?"

இளம் தாதிமார் பழகிக்கொண்டார்கள். கஜந்தினி என்ற பிள்ளை "ஆமா" என்று படத்தில் வருவதுபோல இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். குணலட்சுமி முதல் கிழமையே நிர்வாகியின் அறைக்குப் போனாள்.

"தம்பி, உதுக்கு ஓம் விளங்கேல்லை."

"தெரியும் அன்ரி. கொம்பனிக்கு எழுதியிருக்கிறன். திருத்தி அனுப்புவினம். அதுவரைக்கும் ஆம் எண்டு சொல்லிப் பழகுங்கோவன்."

"அவசரத்திலை வாயிலை வாறதைத்தான் மனுசர் சொல்லுவினம். அந்த நேரம் நான் நோயாளியைப் பாக்கிறதோ, என்ரை நாக்கைப் பாக்கிறதோ? கட்டிலடியிலை அளவு எழுதித் தொங்கின அட்டையளையும் இருக்க விடுங்கோ. ரெண்டிலையும் பதிவம்."

"அட்டை இருந்தால் ஒருத்தரும் உதைப் பாவிக்க மாட்டினம்."

மறுநாள் மிச்சமிருந்த அட்டைகளையும் அவிழ்த்துக் கட்டி ஸ்ரோருக்குள் போட்டுப் பூட்டினார்கள். கேட்கப் போய், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியானாள் அவள். குணலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு பழகிப் பார்த்தாள். பஸ்சில் வரும்போது வாய்க்குள் "ஆம், ஆம்" என்றாள். புட்டு அவிக்கும்போதும் "ஆம்" என்றாள். "என்னப்பா, இந்த வயசிலை படத்திலை நடிக்கப் போறீரோ?" என்றார் இளையதம்பி. அகப்பையை ஓங்கிக் காட்டினாள். அவர் வளவுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

இப்படி இருக்கையில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் கட்டிலுக்கு மார்க்கண்டு வந்தார். மீசாலையில் வயல் செய்யும் கமக்காரர், அறுபத்தொரு வயது. பித்தப்பைக் கல்லுக்கு டொக்டர் செந்தூரன் காலையில் ஒப்பரேசன் செய்தார். பன்னிரண்டு மணிக்குக் கஜந்தினி எடுத்த பிறசர் நூற்றிப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. அவளுடைய "ஆமா"வோடு அது அழகாக ஏறியது. டொக்டர் நல்லூரில் உள்ள தன் கிளினிக்குக்குப் போய்விட்டார். மகள் தர்சிகா மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

இரண்டு பத்துக்கு மார்க்கண்டு, "தங்கச்சி, கண் இருட்டுது" என்றார். குணலட்சுமி கையைப் பிடித்தாள். குளிர்ந்து வேர்த்திருந்தது. நாடி ஓடியது, ஆனால் நூல் மாதிரி. வயிறு இறுகிக் கிடந்தது. பட்டியைச் சுற்றி அளந்தாள். எண்பதுக்கு ஐம்பது. திரும்பவும் அளந்தாள். அதேதான். உள்ளுக்குள் இரத்தம் போகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கஜந்தினியைக் கூப்பிட்டுக் கால்மாட்டை உயர்த்தச் சொன்னாள். சேலைனைக் கூட்டிவிட்டாள். கைகள் வேலையில் இருக்க, கழுத்தில் தொங்கியதைப் பார்த்து அளவைச் சொன்னாள். அது ஏதோ கேட்டது, அவளும் ஏதோ சொன்னாள். பிறகு டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

"சேர், ஒன்பதாம் கட்டில். எண்பதுக்கு ஐம்பது. உள்ளுக்கை இரத்தம் போகுது. உடனை வாங்கோ."

"மிஸ்ஸி, நான் திரையிலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நூற்றிப் பதினெட்டெண்டு நிக்குது."

"அது பன்னிரண்டு மணியின்ரை. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறன், சேர்."

"பட்டி சரியாச் சுத்துப்படேல்லைப் போலை. இன்னொருக்கால் எடுத்துப் பதியுங்கோ. இஞ்சை நாலு பேர் இருக்கினம். முடிச்சுப்போட்டு வாறன்."

பன்னிரண்டு மணி என்பது திரையின் கீழே எறும்பளவு எழுத்தில் இருந்ததாம். அவர் பார்க்கவில்லையாம். நோயாளியின் கையைப் பிடித்தவள் சொன்னது பொய், கண்ணாடிக்குள் தெரிந்தது மெய். கருவியோடு திரும்ப மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. இன்னும் இரண்டு தரம் போன் எடுத்தாள். ஒரு தரம் "வாறன்" என்றார், மற்றத் தரம் போனைத் தூக்கவில்லை. வந்தது மூன்று மணிக்கு. ஒப்பரேசன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மார்க்கண்டுவுக்கு நினைவில்லை. நாலு மணிக்கு முடிந்துபோனது.

செத்தவீட்டுக்கு மீசாலைக்குப் போனாள் குணலட்சுமி. தன் கையில் போன நோயாளியின் வீட்டுக்கு ஒருக்கால் போய் நிற்பது அவள் வழக்கம். பந்தலுக்குள் நுழையும்போதே ஒரு பொம்பிளையின் குரல் கேட்டது. "உவதானாம் அந்த மிஸ்ஸி. ரெண்டு மணித்தியாலம் திரும்பியும் பாக்கேல்லையாம். ஆஸ்பத்திரியிலை சொன்னவை."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. செத்தவீட்டில் சத்தம் போடக் கூடாது என்பதற்காக மட்டும் போடாமல் திரும்பினாள். பஸ்சில் கொண்டக்டர் "உள்ளுக்குப் போ" என்றான். பேசாமல் உள்ளே போனாள். வீட்டில் இளையதம்பி "சாப்பிடும்" என்றதற்கு, "நான் பாக்கேல்லையாம்" என்றாள். அன்றிரவு முழுக்க அதையே சொன்னாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் தர்சிகா விளக்கம் கேட்டு வருவதாக இருந்தது. அவள் வர அரை மணித்தியாலத்துக்கு முன் நிருஷன் குணலட்சுமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். டொக்டர் செந்தூரனும் இருந்தார். மேசையில் தட்டச்சடித்த ஒரு கடிதம். "நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பின்னர் நோயாளியின் அளவுகளை எடுக்கத் தவறிவிட்டேன்." கீழே அவளுடைய பெயரும் ஒப்பத்துக்குப் புள்ளிக்கோடும்.

"ஒரு ஒப்பம்தான் அன்ரி. நாங்கள் சமாளிப்பம், உங்கடை வேலைக்கு ஒண்டும் வராது. வைக்காட்டில் மேலிடத்துக்கு முறைப்பாடு போகும். பிறகு நீங்கள் ஒரு இடத்திலையும் நேர்சா நிக்கேலாது."

"எடுத்தனான் தம்பி. சொன்னனான். மூண்டு தரம் போனும் எடுத்தனான். இவரைக் கேளுங்கோ."

டொக்டர் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார். "போனிலை என்ன கதைச்சதெண்டதுக்கு ஆதாரமில்லையே, மிஸ்ஸி. பதிவிலை இல்லாதது நடக்காததுதான்."

முப்பது வருடமாக இளம் தாதிமாருக்கு அவளே சொல்லித் திட்டிய வசனம் அது. இன்று அது அவளுடைய தலையிலேயே வந்து விழுந்தது. அந்த நேரம் கதவைத் தட்டிக்கொண்டு தர்சிகா வந்தாள். ஆசிரியையாக இருப்பவள், அழுது வீங்கிய முகம். நிருஷன் கடிதத்தைக் கவிழ்க்க முந்தியே குணலட்சுமி அதை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"உதிலை என்னை ஒப்பம் வைக்கட்டாம், பிள்ளை. முதல் அந்தக் கருவி சேமிச்சு வைச்ச சத்தத்தைப் போடச் சொல்லும். ரெண்டு பத்து. பிறகு பாப்பம்."

"அது தேவையில்லை," என்றான் நிருஷன்.

"போடுங்கோ," என்றாள் தர்சிகா.

போட்டார்கள். வேறு வழியில்லை. கட்டில் சக்கரம் கிறீச்சிடும் சத்தம், பிறகு குணலட்சுமியின் குரல்.

"ஒன்பதாம் கட்டில். பிறசர் எண்பதுக்கு ஐம்பது. நாடி நூற்றி முப்பது."

"ரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. நாடித் துடிப்பு நூற்று முப்பது. உறுதி செய்யலாமா?"

"ஓம்."

"உறுதி செய்யலாமா?"

"ஓம், ஓம். அண்ணை, கண்ணைத் திறவுங்கோ. என்னைப் பாருங்கோ."

"உறுதி செய்யலாமா?"

"ஓம் எண்டு சொல்லுறனெல்லே, சனியனே."

"பதிவு ரத்து செய்யப்பட்டது. நன்றி."

அதற்குப் பின்னால், தூரத்தில், மார்க்கண்டுவின் குரல் தண்ணி கேட்டது. தர்சிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிருஷன் தொண்டையைச் செருமினான். "பாருங்கோ, ஆம் எண்டு சொல்லேல்லை. பயிற்சியிலை தெளிவாச் சொன்னது."

"அவ சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?" என்று கேட்டாள் தர்சிகா.

"எனக்கு விளங்கும். ஆனால் சிஸ்ரத்துக்கு..."

அவன் முடிக்கவில்லை. குணலட்சுமி எழும்பிவிட்டாள்.

"உனக்கு விளங்கும். அவருக்கும் விளங்கும். இந்த அறையிலை விளங்காத ஆள் இல்லை. விளங்காத சாமானை என்ரை கழுத்திலை கொளுவி, விளங்குற அட்டையளைப் பூட்டி வைச்சது ஆர்? நான் வந்து சொல்லேல்லையோ? என்ரை வாய் பிழையாம். என்ரை அம்மா தந்த வாய் தம்பி, கொம்பனி தந்ததில்லை." டொக்டரின் பக்கம் திரும்பினாள். "நீங்கள், சேர். நீங்கள் கருவியில்லை. உங்களுக்கு நான் போனிலை தமிழிலைதானே சொன்னனான்."

டொக்டர் செந்தூரன் பேனையை மேசையில் வைத்தார். தர்சிகா கண்ணைத் துடைத்துவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்பவள் போல நிதானமாகக் கேட்டாள்.

"மிஸ்ஸி, ரெண்டு பத்துக்கே அப்பாவைத் தியேட்டருக்குக் கொண்டு போயிருந்தால், இருந்திருப்பாரோ?"

"அதுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, மிஸிஸ் இளையதம்பி," என்றான் நிருஷன்.

அவள் அவனைப் பார்க்கவேயில்லை. கோபம் எங்கே போனதோ தெரியாது, குரல் தாழ்ந்திருந்தது.

"இருந்திருப்பார், பிள்ளை. டொக்டர் பிந்தி வந்தவர். ஆனால் நானும் ஒரு பிழை விட்டனான். அவர் வாறன் எண்டதை நம்பி அம்பது நிமிசம் நிண்டனான். முதல் போனோடையே அம்புலன்சைக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தியிருக்க வேணும். பத்து நிமிச ஓட்டம். ஆரையும் கேக்காமல் ஏத்தியிருக்க வேணும். நான் ஏத்தேல்லை." மேசையில் இருந்த பேனையை எடுத்து நிருஷனுக்கு முன்னால் வைத்தாள். "அதை எழுது தம்பி. டொக்டர் எத்தினை மணிக்கு வாறன் எண்டவர், எத்தினை மணிக்கு வந்தவர், நான் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான், எல்லாத்தையும் எழுது. இப்பவே ஒப்பம் வைக்கிறன்."

நிருஷன் டொக்டரைப் பார்த்தான். பேனையை அவன் தொடவில்லை.