கொடுக்குக்குக் குரல் கொடுத்தவள்

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பகலில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, "கொஞ்சம் உட்காருங்க, டாக்டர் இப்பக் கூப்பிடுவாங்க" என்று தேன் வடியப் பேசுவாள். சாயங்காலம் டப்பிங் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் பதினாறு வயது ரவுடியாகிவிடுவாள். பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் ஒன்றில் வரும் கொடுக்கு என்ற பையனுக்கு அவள்தான் குரல். கொடுக்கு ஒரு கும்பலின் தலைவன், கதாநாயகனின் பரம எதிரி. வாரம் தவறாமல் சதித்திட்டம் போடுவான். வாரம் தவறாமல் சாக்கடையில் விழுவான். அப்படி விழும்போது அலறுவதற்கு அவளை விட்டால் ஆளில்லை என்று ஸ்டூடியோவில் பேச்சு. ஒரு குடும்பத்தலைவிக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

வீட்டில் அந்தப் பெருமைக்கு மவுசு இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் சத்தியமே வாங்கியிருந்தான், பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்காவுக்கும் தெரியக்கூடாது என்று.

கொஞ்ச நாளாக அவன் வீடு திரும்பியதும் அடுப்படியையே காலி செய்தான். துருவித் துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், இரண்டு எடுபிடிகளோடு நின்று டிபன் டப்பாவைப் பிடுங்கிக்கொள்கிறானாம்.

"என்ன சொல்லிப் பிடுங்குறான் தெரியுமாம்மா? 'இது என் ஏரியா. மூச்சு விடணும்னாகூட டோக்கன் வாங்கு'ன்னு."

அது கொடுக்கின் வசனம். தொண்டை கிழியக் கிழிய அவள் பேசிய வசனம். அதை வைத்தே அவள் கட்டிக்கொடுத்த சோற்றைப் பறிக்கிறான்.

"பேசித் தீத்துக்கலாம்" என்றார் கணவர். யார் பேசுவது என்று கேட்டதும் அவருக்கு ஆபீசில் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது.

மறுநாள் அவளே அரைநாள் லீவு போட்டுவிட்டு, கிளினிக் சீருடையோடு சைக்கிள் ஷெட்டுக்குப் போனாள். பென்சிலால் வரைந்ததுபோல் மீசை வைத்திருந்த அந்தப் பதினொன்றாம் வகுப்புத் தலைவர், அவள் மகனின் டப்பாவைத் திறந்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு ஆண்ட்டி நீங்க? என்ன வேணும்?"

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டேய். இது என் ஏரியா. மூச்சு விடணும்னாகூட டோக்கன் வாங்கு."

எடுபிடிகளில் ஒருவன் ஓட்டம் பிடித்தான். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த தலைவருக்கோ கண் கலங்கிவிட்டது.

"கொடுக்கு... அண்ணனா?"

"அண்ணன்தான். டப்பாவை மூடிக் குடு."

இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அண்ணே... இல்ல, ஆண்ட்டி. எப்பவும் நீங்களே ஏன் தோக்கறீங்க? அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி ஹீரோ ஒரு தடவைகூட விழமாட்டானா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அவளே கேட்டுக்கொள்ளாததும்கூட.

"எழுதறவர்கிட்டக் கேக்கறேன்" என்றாள்.

கேட்கவும் செய்தாள். கதை எழுதுபவர் சிரித்தார். அடுத்த அலறல் கொசு கத்துவதுபோல்தான் வரும் என்று அவள் சாந்தமாகச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். ஒரே ஒரு வாரம் கொடுக்கு ஜெயித்தான், கதாநாயகன் சாக்கடைக்குள் போனான். பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள், பிள்ளைகளுக்குச் சோறு இறங்கவில்லையாம். சேனல் மன்னிப்புக் கேட்டது. கதை எழுதியவரைச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். நாட்டின் ஒழுக்கம் மயிரிழையில் தப்பியது.

மகனின் சாப்பாட்டில் இப்போது யாரும் கை வைப்பதில்லை. தலைவரே அவன் பையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடமே பார்க்க, "சின்னவரே, வழி விடச் சொல்லவா?" என்று முன்னால் நடக்கிறார். "அவன் டப்பாவைப் பிடுங்கினதே தேவலம்மா" என்கிறான் மகன்.

கார்ட்டூன் வரும் நாளில் தலைவர் வீட்டுக்கே வந்துவிடுகிறார். கொடுக்கு சாக்கடையில் விழுந்ததும் அவள் பக்கம் திரும்பி, "விடுங்கண்ணே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறார்.

அடுத்த வாரத்து அலறலை அவள் நேற்றே பேசி முடித்துவிட்டாள். "பாத்துக்கலாம்டா" என்கிறாள்.