கைலி கட்டிய பப்பாளி

காய்க்காத பப்பாளி மரத்தைக் காய்க்க வைத்த ஒரே ஆள் பேராக் மாநிலத்திலேயே நான்தான். சரி, பொய். ஒரு பிஞ்சுகூட வரவில்லை. ஆனால் மரத்துக்குக் கைலி கட்டிவிட்டது சத்தியமாக நான்தான்.

அப்போது நாங்கள் கமுந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பப்பாளி மரங்கள். மற்றதெல்லாம் கழுத்து நிறையக் காயோடு நிற்க, ஒன்று மட்டும் நீளநீளக் காம்பில் பூவைத் தொங்கவிட்டு, கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். பள்ளிக்கூடத்தில் என்னைப் போல.

பெரியம்மா அதை 'மலட்டு மரம்' என்பார். அத்தையையும் அதே வார்த்தையால்தான் சொல்வார். மாமா பெரியம்மாவின் தம்பி, அத்தை அவர் மனைவி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"தீபாவளிக்குள்ள அந்த மரத்த வெட்டிப் போடுலா. உனக்கும் வேற பொண்ணு பாக்கணும்" என்று பெரியம்மா ஒருநாள் மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மரத்தை வெட்டியதும் அடுத்து அத்தைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மூளை அவ்வளவுதான். அத்தை போய்விட்டால் எனக்கு யார் சோறு ஊட்டுவது?

நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மக்சிக் ஒரு வழி சொன்னார். பொம்பளைத் துணியைக் கட்டிவிட்டால் மரம் வெட்கப்பட்டுக் காய்த்துவிடுமாம். மாமாவும் அத்தையும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அன்று, அத்தையின் புது பாத்தேக் கைலியை எடுத்து மரத்தின் இடுப்பில் சுற்றினேன். என் சிலுவார் நாடாவுக்கே முடிச்சுப் போடத் தெரியாதவன், ஏழெட்டு முடிச்சுப் போட்டேன்.

சாயங்காலம் இருவரும் திரும்பினார்கள். மாமா நல்ல சட்டையைக்கூட மாற்றாமல் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கு வந்தார். கைலி கட்டிய மரத்தைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது. பின்னாலேயே ஓடிவந்த அத்தை, முடிச்சைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விடுங்க. அது என்னங்க பண்ணும், பாவம்" என்றார் மாமாவிடம்.

மாமா மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள் அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன். மரத்தில் தொங்கிய கைலி நுனியாலேயே அத்தை அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து பெரியம்மா கத்தினார். "டாக்டரு என்னா சொன்னாரு?"

"குறை எனக்குத்தான் அண்ணி" என்றார் அத்தை.

மாமாவின் தலை இன்னும் கீழே போனது.

மரத்தை வெட்டவில்லை. வேறு பெண்ணும் பார்க்கவில்லை. எல்லாம் கைலி செய்த வேலை என்று தோட்டம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். குறை அத்தைக்கு என்றால் மாமா ஏன் அழ வேண்டும் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

நேற்று என் மகள் அறிவியல் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "பப்பாளில ஆண் மரம் தனி, பெண் மரம் தனிப்பா. ஆண் மரம் காய்க்காது. அதோட மகரந்தம் பட்டாத்தான் பெண் மரம் காய்க்கும்."

"அப்ப காய்க்காம நின்னது..." என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு ஈப்போவில் அந்த டாக்டர் யாரைப் பார்த்து...

"டேய்! மாமாவக் குளிப்பாட்டணும், வந்து ஒரு கை பிடிடா!"

இதோ வாரேன் அத்தை.