மகள் எடைக்கு மிளகு

மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கிடங்கில் சுக்குப் புடைக்கிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் அங்கேயே மூட்டை தூக்குகிறார். மகள் டாக்டர் படிப்புக்கு எழுதிய பரீட்சையின் முடிவு வரும் அன்றும் கையில் முறம்தான், வாயில் பகவதி பெயர்தான்.

"தாயே, எம் புள்ளைக்கு சீட்டு கிடைச்சா துலாபாரம் நடத்துறேன். அவ எடைக்கு மிளகு."

ஊரெல்லாம் தராசின் மறுதட்டில் வாழைப்பழமோ சர்க்கரையோ வைப்பதாகத்தான் வேண்டிக்கொள்ளும். எதிரே மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மூக்கில் ஏறிய வாசம் வாயில் வந்துவிட்டது.

இடம் கிடைத்தது, தூரத்தில் ஒரு தனியார் கல்லூரியில். அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை முதல் வருஷக் கட்டணத்துக்கே போயிற்று.

"சுக்குன்னு சொல்லியிருந்தா பாதியில முடிஞ்சிருக்கும்டி" என்று சிரித்தார் அவர். ஆனாலும் அவள் புறப்படும் முன் கிடங்குத் தராசில் நிற்கவைத்து எடை பார்த்துக்கொண்டார்.

மகள் போனில் சொன்னாள்: "பழம்னு மாத்திக்கோம்மா. ஃபீஸ் கட்டலன்னு பகவதி நோட்டீஸா ஒட்டப்போறா?"

"வாய மூடுடி. சொன்னது சொன்னதுதான்."

கூலி வாங்கும் சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மிளகு வாங்கி, சாமி படத்துக்குக் கீழே ஒரு சாக்கில் சேர்த்தேன். விடியலில் விளக்கேற்றும்போது, யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். "எழுந்துட்டியா கண்ணு?" என்று சில நாள் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

சாக்கு அவள் எடைக்கு வந்தபோது ஒரு வருஷம் கடந்திருந்தது. லீவுக்கு வந்தவளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். காயலிலிருந்து வந்த பனி நடை வரைக்கும் நின்றது. மகள் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவர் மறுதட்டில் மிளகைக் கொட்டினார். சாக்கில் இன்னும் நிறைய இருக்கும்போதே இரண்டு தட்டும் சமமாகி நின்றன.

"மதி, மதி! சேச்சிக்கு லாபமாயி" என்று, போதுமெனக் கைகாட்டிச் சிரித்தார் தராசு பிடித்த சேட்டன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அவள் கழுத்தெலும்பைப் பார்த்தேன்.

"என்னடி இது?"

"ராத்திரி மெஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்மா. பில்லு குறையும்ல. படிக்கிறப்போ பசி தெரியாது."

அவர் சாக்கின் வாயைக் கட்டப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பகவதியிடம் நான் சொன்னது அன்றைய பிள்ளையின் எடையை. குறைந்துபோனதும் என் பிள்ளைதானே?

மிச்சத்தையும் நானே கொட்டினேன். மிளகு மழைபோல் இரைந்து விழுந்தது. அவள் தட்டு மெல்ல மெல்ல மேலே எழும்பியது. விளக்கு வெளிச்சமும் பனியும் கலந்த அந்த உயரத்தில் மகள் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஊஞ்சலில் ஏற்றிவிட்ட சின்னப் பிள்ளைபோல் சிரித்தாள்.

"அம்மா, போதும்! இறக்கு!"

"இரு" என்றேன். "பகவதி நல்லாப் பாத்துக்கட்டும்."