சொட்டு விட்டுப் பார்த்த துணி

என் மகளுக்குப் பல் வெளியே தெரிவதற்கு வெகு முன்பே வாய் ஒழுக ஆரம்பித்துவிட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை. தூக்கி வைத்திருந்தால் என் சட்டைத் தோள் நனையும். படுக்க வைத்தால் காதுக்குப் பின்னால் ஓடும். நாங்கள் இருந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீடு. வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். குழாயடிக்கு வரும் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி, இப்பவே இப்படி ஜொள்ளு விடுகிறாளே, அப்பன் புத்தியா என்று கேட்டுச் சிரிப்பார்கள். மாசமாக இருக்கும்போது எதற்கோ ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்காமல் இருந்திருப்பாய், அதுதான் ஒழுகுது என்று என் மனைவியிடம் சொல்வார்கள். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளமாட்டாள். நான் வாங்கிக்கொள்வேன். அவள் எதைக் கேட்டாள், நான் எதை வாங்கித் தரவில்லை என்று கம்பெனியில் பிரஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டு யோசிப்பேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரியாதது நிறைய உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் பயமும் நிறைய. குழந்தை தும்மினால் சளி பிடித்துவிட்டது என்று பயம். வெகுநேரம் தும்மாமல் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஒழுகுகிற வாய்க்கு முதலில் ஒரு கைக்குட்டையைக் கழுத்தில் கட்டினோம். அது முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி ஆனதைப் பார்த்ததும் அவிழ்த்துப் போட்டேன். பிறகு பெயர் வைத்த அன்று யாரோ கொடுத்த பிப்பை, அதுதான் எச்சில் ஏந்த நெஞ்சில் தொங்கும் துணி, மாட்டினோம். முன்பக்கம் யானைப் படம், பின்பக்கம் பிளாஸ்டிக். சட்டை நனையவில்லை, எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் தாடைக்குக் கீழே அந்தக் கழுத்து மடிப்பை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் குளிப்பாட்டும்போது விரித்தால், உள்ளே செக்கச்செவேலென்று தோல் உரிந்து கிடந்தது. தண்ணீர் பட்டதும் அவள் அழுத அழுகையில் லைன் வீடே வாசலுக்கு வந்துவிட்டது.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார். பவுடர் கொட்டக்கூடாது, அழுத்தித் துடைக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே அந்த மடிப்பில் ஈரம் நிற்கக்கூடாது என்றார். ஈரம் நிற்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்பதற்குள் அடுத்த குழந்தையை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

என் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காருக்கான ஒயர் செட்டுகளைச் சோதிக்கும் வேலை. அடுத்த மாசம் பிறக்கும்போது வராவிட்டால் அந்த இடத்தில் வேறு பெண்ணை நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த தெருவில் ஓர் அம்மா, கம்பெனிக்குப் போகிறவர்கள் காலையிலேயே கொண்டுவந்து விடும் குழந்தைகளை மட்டும் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தோம். குழந்தையைக் காட்டக் கொண்டுபோனால், அவர் கொஞ்சவே இல்லை. நேராகத் தாடையைத் தூக்கிப் பார்த்தார்.

“இத்த நான் எப்டிப்பா வெச்சிக்கறது? இங்க வேற புள்ளைங்களும் கீது. அதுங்க ஆத்தாங்க பாத்தா அக்கியா அம்மையான்னு என்னிய புடிச்சிக்குவாங்க. மொதல்ல கழுத்து காயட்டும். காஞ்சதும் இட்டுக்கினு வா.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களுக்கு ஆள் வேறு யாரும் இல்லை. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே என் மனைவி, தான் வேலையை விட்டு நின்றுகொள்வதாகவும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். கம்பெனி அடையாள அட்டையை அவள் துடைத்து ஆணியில் மாட்டிவைத்திருந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் என்று ஒன்று வராது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

“கழுத்து என் பொறுப்பு மே,” என்றேன். “நீ பஸ் ஏர்ற வேலைய பாரு.”

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. சொல்லிவிட்டேன்.

துணி விஷயத்தில் எனக்கு ஒரு வித்தை தெரியும் என்கிற நினைப்புதான் அந்தத் தைரியம். எங்கள் கம்பெனியில் எண்ணெய் துடைக்க பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வரும். மூட்டையைப் பிரித்ததும் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். சொட்டு பரவினால் பருத்தி, மூட்டையை வைத்துக்கொள்ளலாம். முத்து மாதிரி உருண்டு நின்றால் பாலியஸ்டர் கலந்தது, திருப்பி அனுப்பிவிடுவோம். ஒழுகுவது எண்ணெயானால் என்ன, எச்சிலானால் என்ன என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டிலோடு பஜாருக்குப் போனேன்.

குழந்தைத் துணிக்கடை அக்கா பிப்புகளை எடுத்துப் பரப்பினார். நான் மூடியில் தண்ணீர் ஊற்றி, விரலால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வைத்தேன். பழைய வேட்டி மாதிரி மெல்லிசாக, அடுக்கடுக்காகத் தைத்த பருத்தி பிப் ஒன்று இருந்தது. கைக்கு நன்றாக இருந்தது. ஆனால் சொட்டு அதன்மேல் உருண்டு நின்றது. தள்ளிவைத்தேன். பூப்போட்டது, கோடு போட்டது, எல்லாவற்றிலும் உருண்டது.

“இன்னாபா, துணி வாங்க வந்தியா, கடைய கழுவ வந்தியா?” என்றார் அக்கா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அசையவில்லை.

கடைசியாக டர்க்கி டவல் மாதிரி தடிமனான ஒன்று சொட்டை அப்படியே விழுங்கியது. அதில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, யுத்தம் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். வந்த கையோடு வீட்டில் யாரோ கொடுத்து மடிப்புக் கலையாமல் கிடந்த ஒரு மெல்லிசு பிப்பிலும் சொட்டு விட்டுப் பார்த்தேன். உருண்டது. அதைத் தூக்கி எறிந்தேன்.

டர்க்கி பிப் மாட்டியும் கழுத்து காயவில்லை. இன்னும் சிவந்தது. மேலே தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், மாட்டியபடியே விட்டுவிடுவோம். உள்ளே விரல் விட்டால் சொதசொதவென்று இருக்கும். எங்கள் மெஷினுக்கு அடியில் எண்ணெய் ஒழுக்குக்குத் தட்டு வைப்போம். நிறைந்த தட்டைக் கொட்டாமல் விட்டால், தட்டே வைக்காததைவிட மோசமாகும். என் பிள்ளையின் கழுத்தில் நான் நிறைந்த தட்டைக் கட்டிவைத்திருந்தேன். போதாக்குறைக்கு மழைக்காலம். வெளியே கொடியில் போட்டால் மழை. மழை விட்டால் பக்கத்து இரும்பு உருக்காலைக் கரி வந்து படியும். தடித்த துணி உள்ளே காயவும் இல்லை.

ஒரு நாள் என் மனைவி பால் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தரையில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. கையிலிருந்த துணியை அதன்மேல் வைத்தாள், தண்ணீர் ஒரே இழுப்பில் காணாமல் போனது. பார்த்தால், நான் தூக்கி எறிந்த அந்த மெல்லிசு பிப். அதை எடுத்து அடுப்படித் துணியாக வைத்துக்கொண்டு தினமும் துவைத்திருக்கிறாள்.

இது உருண்டதே, நான் பார்த்தேனே என்றேன். அவள் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாமா, உங்க கம்பெனி வேஸ்ட்டு யாரோ போட்டுக் கிழிச்ச பனியன். நூறு தபா தொவச்சது. கடைல கீறது புதுசு, கஞ்சி ஏத்தி வெச்சிருப்பான். அதுல தண்ணி உருளாம இன்னா பண்ணும்?”

சொல்லிவிட்டு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் மாசம் பிறக்க அதிக நாள் இல்லை. செருப்பை மாட்டினேன்.

“இன்னைக்கி பாட்டில் எங்க?” என்று கேட்டார் கடை அக்கா. நான் தள்ளிவைத்த அதே மெல்லிசு பிப்புகளைக் கேட்டதும், பிள்ளை மாறிவிட்டதா, அப்பன் மாறிவிட்டானா என்றார். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கயிறு வைத்ததை ஒதுக்கினேன், இறுகிவிடும் என்று பயம். ஒட்டுகிற பட்டை வைத்ததை என் கழுத்திலேயே உரசிப் பார்த்துவிட்டு ஒதுக்கினேன். அமுக்குப் பட்டன் வைத்ததை எடுத்து, பட்டன் வாய்க்குள் போய்விடுமோ என்று ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். அக்கா பொறுத்துக்கொண்டார். கட்டுக்கட்டாக வாங்கினேன். எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறப்போட்டு, அலசி, காய்ந்ததும் மறுபடி ஊறப்போட்டேன். அறைக்குள் குறுக்கே கயிறு கட்டி ஃபேனுக்கு அடியில் உலர்த்தினேன். தலை நிமிர்ந்தால் பிப்பில்தான் முட்டும். காய்ந்ததும் சொட்டு விட்டேன். விட்ட இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஒன்றுதான். துணியின் மேல்பக்கத்தை நம்புவதில்லை. அடிக்கடி உள்ளே விரல் விட்டுப் பார்ப்பேன், ஈரம் தட்டினால் உடனே மாற்றுவேன். மடிப்பைத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, களிம்பு வைத்து, மோவாயைத் தூக்கிப் பிடித்துக் காற்றுக் காட்டுவேன். அதற்கென்றே ஒரு பாட்டு வைத்திருந்தேன், அது பாட்டு மாதிரி இருக்காது என்பாள் என் மனைவி. தூங்கப் போட்டால் பிப்பைக் கழற்றிவிடுவேன், கழற்றினேனா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன். எனக்கு மதியத்துக்கு மேல் தொடங்கும் இரண்டாவது ஷிப்ட், அதுவரை முழுக்க இதுதான். என்னடா பிள்ளை பெற்றவன் நீயா அவளா என்று கம்பெனியில் கிண்டல் செய்தார்கள். கை எல்லாம் சோப்பு நாற்றம். சிவப்பு முதலில் ஓரத்தில் மங்கியது. பிறகு தோல் சருகு மாதிரி உதிர்ந்து, உள்ளே புதுத்தோல் வந்தது.

மாசம் பிறப்பதற்கு முந்தின நாள் அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். தாடையைத் தூக்கினார், வெளிச்சத்துக்குத் திருப்பினார், விரலால் மடிப்பைத் தடவினார். அழவில்லை என் மகள். அவர் விரலைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தாள்.

“புள்ளைய எடுத்துக்கறேன். ஆனா ஒர்த்திக்கே துணி மாத்திக்கினு நான் குந்த முடியாதுப்பா, சொல்லிட்டேன்.”

நீங்கள் உள்ளே விரல் விட்டுப் பார்த்து மாற்றினால் மட்டும் போதும், நான் ஷிப்டுக்குப் போகுமுன் வந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு காய்ந்ததைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். மழை வந்தால் என்று கேட்டார். மழை வந்தாலும் வருவேன் என்றேன்.

மறுநாள் மழை வந்தது. என் மனைவி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவாள் என்று தெரிந்துதானோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை. நான் பிப்புகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றி சட்டைக்குள் வைத்துக்கொண்டு மதியம் சைக்கிளை மிதித்தேன். சட்டை தொப்பலாக நனைந்தது, பிப் ஒன்றுகூட நனையவில்லை.

அந்த அம்மா வீட்டு வாசலில் நிற்கும்போது போன் அடித்தது. என் மனைவிதான், அவளுக்குச் சாப்பாட்டு நேரம். பால் குடித்தாளா, தூங்கினாளா, அழுதாளா என்று எதுவும் கேட்கவில்லை.

“கழுத்து?” என்றாள்.

“காஞ்சி கீது,” என்றேன்.

சொன்ன பிறகு பயம் வந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போய், மகளின் தாடையைத் தூக்கி, ஈரம் சொட்டும் என் கையை அங்கே கிடந்த துண்டில் துடைத்துவிட்டு, மடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தேன்.

“கீது,” என்று மறுபடி சொன்னேன். “நீ சாப்புடு.”